பெண்களின் கண்ணீர், செவ்வாய் காலை ஏழு மணி

சுனில்டா கஞெத்தெயை எனக்குப் பிடிக்காது. இது இருபத்திரண்டு வருட விஷயம். என் தம்பி ஒஸ்மாரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள் அவள். ஒரே வளவுக்குள் மாமரத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. வேலையும் ஒரே இடத்தில்தான். வில்யாரிக்காவில் எங்கள் மருத்துவ உதவிச் சங்கத்துக்குப் பதினோராயிரம் உறுப்பினர்கள். அவர்கள் போன் செய்தால் எடுப்பது நான். அவர்களுக்கு மின்னஞ்சல் போவது அவள் எழுதிய நிரலால். காலை ஆறரை மணிப் பேருந்தில் நான் முன்னால் உட்காருவேன், அவள் பின்னால் உட்காருவாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. தடித்த கண்ணாடி. கொத்தமல்லிக் கட்டில் இருந்து உருவிய ரப்பர் பேண்டில் முடியைக் கட்டியிருப்பாள். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது அவளுக்கு ஒரு நோய். சிபா ரொட்டி விற்கிறவளின் பலகை, கோயில் அறிவிப்பு, எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக், எதையும் விடமாட்டாள். எங்கள் எழுத்துகள் சிலவற்றின் தலையில் ஒரு சின்ன அலை வரும். ஞ என்று சொல்லும் எழுத்துக்கு வரும், எங்கள் மண்ணின் மொழியான குவாரனியில் மூக்கால் சொல்லும் எழுத்துகளுக்கு வரும். அந்த அலையை யாராவது விட்டுவிட்டால் அவளுக்குப் பொறுக்காது.

எங்கள் அம்மா ஃபெர்மினா பெஞா இறந்த ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு, நான் சொல்லிச் செய்த கல்லறைப் பலகை வந்து சேர்ந்தது. எல்லோரும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் வாயில் சிபாவை மென்றுகொண்டே சொன்னாள்:

"பெஞான்னு வெட்டலையே அக்கா. அலை இல்லாம பெனான்னு வெட்டியிருக்கான். அத்தைக்குத் துக்கம்னு பேரு வச்சிட்டீங்க."

சரியாகத்தான் சொன்னாள். அலை இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். சரியாகச் சொன்னாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதன்பிறகு ஒரு வருடம் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவர்கள் கூப்பிடவும் இல்லை.

சங்கத்தில் மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. அங்கே ஓடும் பெரிய கணினிக்கு அவள் வைத்த பெயர் தத்தூ. தத்தூ என்றால் எறும்புதின்னி மாதிரி வளை தோண்டி வாழும் ஓட்டுப் பிராணி. வெளியே வராது, அதனால் அந்தப் பெயர். அவள் வேலை என்ன என்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் யாரும் கேட்காமலே விளக்குவாள். யாரோ எழுதிவைத்த நிரல்களின் மூட்டை ஒன்று உண்டாம், லைப்ரரி என்பார்களாம். யாரிடமிருந்து, யாருக்கு, என்ன தலைப்பு, என்ன செய்தி என்று அதனிடம் சொன்னால் போதும், அது கடிதத்தை மூட்டை கட்டிக் கொடுக்கும். மின்னஞ்சல் என்பது அமெரிக்கர்கள் தங்கள் எழுத்துக்காக மட்டும் செய்துகொண்ட பாதை. அலையும், கொம்பு என்று நாங்கள் சொல்லும் சாய்கோடும் உள்ள நம் எழுத்துகள் அந்தப் பாதையில் போக வேண்டுமென்றால் வேறு உடுப்பு மாட்டித்தான் போக வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த உடுப்பு என்று சரியாகச் சொல்லத் தெரியாதவன் கையில் அந்த லைப்ரரி கிடைத்தால் ஊர் சிரித்துவிடும் என்பாள். நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே வேறு பக்கம் பார்ப்போம்.

இந்தக் கதை நடந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியோடு அவளுக்குச் சங்கத்தில் பத்து வருடம் முடிய வேண்டும். எங்கள் நாட்டில் பத்து வருடம் என்பது ஒரு சுவர். அதைத் தாண்டிவிட்டவரை நீதிமன்றத்தில் காரணம் நிரூபிக்காமல் வெளியே அனுப்ப முடியாது. அதனால் ஒன்பது வருடம் முடிந்த ஆளைக் கண்டால் மேலாளர்களுக்குப் பார்வை கூர்மையாகிவிடும். எங்கள் மேலாளர் வில்டோ இன்ஸ்ஃப்ரானுக்கு அந்தப் பார்வை வந்த முதல் நாளே இருந்தது. வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. முதல் கூட்டத்தில், நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று திரையில் பெரிதாகப் போட்டுக்காட்டினார். சுனில்டா கையைத் தூக்கி, குடும்பத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருக்கிறது என்றாள்.

ஜூலையில் ஒருநாள், மின்னஞ்சல் போய்ச் சேராமல் திரும்பி வந்த முகவரிகளின் பட்டியலைக் கொடுக்க நான் அவள் அறையில் நின்றிருந்தபோது, வில்டோ ஒரு தாளோடு இறங்கி வந்தார்.

"என்ன இது, சுனில்டா? நம்ம மெயில்ல ஞ வர்ற எடத்துல எல்லாம் ஈக்வல், சி, மூணு, ஈக்வல், ஏ, மூணு. அசுன்சியோன்ல ஒரு டாக்டர் இதை எனக்கு அனுப்பி, உங்க ஆபீஸ்ல எல்லாரும் சுகமா இருக்காங்களான்னு கேக்கறார்."

"அவர் ஓட்டைக் கம்ப்யூட்டர்ல பார்த்திருக்கார் சார். வழியில அது அப்படித்தான் இருக்கும். நீங்க ஊருக்குக் கண்ணாடி ஜாடி அனுப்பணும்னா, பேப்பர்ல சுத்தித்தானே பஸ்ல ஏத்துவீங்க? போய்ச் சேர்ந்ததும் பிரிச்சுக்கணும். அவர் பேப்பரோட குடிக்கப் பார்த்திருக்கார்."

"அந்த அலையெல்லாம் எடுத்துட்டா சுத்தவே வேண்டாமே."

"ஜாடியை உடைச்சிட்டாலும் சுத்த வேண்டாம் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன்.

"இதுல நானும் கோர்ஸ் முடிச்சவன்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

"மூணு வாரக் கோர்ஸ். உங்க ரூம்ல மாட்டியிருக்கே, அந்த சர்ட்டிஃபிகேட்ல உங்க பேரையே தப்பா போட்டிருக்கான். இன்ஸ்ஃப்ரான்ல ஒரு கொம்பு குறையுது."

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? படியேறிப் போகும்போது அவர் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாகக்கூட இருந்தது.

ஆகஸ்டு கடைசி வியாழக்கிழமை, ஒஸ்மாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக சுனில்டா விடுப்பில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை தலைநகரில் இருந்து மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி வருகிறது, உறுப்பினர்களில் நாற்பது தாண்டிய நாலாயிரம் பெண்களுக்கும் செய்தி உடனே போக வேண்டும் என்று நிர்வாகக் குழுத் தலைவி டாக்டர் நிமியா அமரில்யா போன் செய்தார். வில்டோ சுனில்டாவைக் கூப்பிடவில்லை. அவள் நிரலின் ஒரு நகலைத் தன் மடிக்கணினிக்கு எடுத்துக்கொண்டார். எழுத்துகளின் தலையில் இருப்பதை எல்லாம் சீவித்தள்ளும் வரி ஒன்றை அதில் சேர்த்தார். பிறகு அனுப்பினார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது மின்னஞ்சல் மட்டும்தான்.

எங்கள் கடிதங்கள் குவாரனியில் ஒரு பாதி, ஸ்பானிஷில் ஒரு பாதி. குவாரனிப் பாதியின் தலைப்பு குஞா ரெசாய். மூக்கால் சொன்னால் பெண்களின் ஆரோக்கியம். அந்த அலையை எடுத்துவிட்டால், பள்ளியில் குவாரனி எழுதப் படிக்காத எங்களைப் போன்றவர்கள் கண்ணீர் என்ற சொல்லை எப்படி எழுதுவோமோ அப்படியே ஆகிவிடும். அதனால் நாலாயிரம் பெண்களுக்கும் வந்த செய்தி இது: பெண்களின் கண்ணீர், செவ்வாய் காலை ஏழு மணி, அடையாள அட்டையோடு வரவும்.

ஸ்பானிஷ் பாதி இதைவிட மோசம். நாற்பது வருடம் நிறைந்த பெண்கள் வரலாம் என்பது அதில் இருந்த வாக்கியம். வருடம் என்ற சொல்லில் அலையை எடுத்தால் அது உட்காரும் இடத்தில் இருக்கிற துவாரம்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்தது.

"ஏம்மா, நாப்பது வேணும்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஒண்ணுதான் இருக்கு. வரலாமா?"

"எனக்கு அறுபத்தி ரெண்டு வயசு. இத்தனை வருஷமா அழுதது பத்தாதா? ஏழு மணிக்கு அங்க வந்து வேற அழணுமா?"

ஒரு பெண் சிரிக்கவில்லை. "என் அக்கா போன மாசம்தான் இந்த நோயில போனா. இதை எழுதினவங்க கிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் குரல் மதியம் வரை என் காதில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற அழைப்புகளுக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இது சுனில்டாவின் கடிதம் என்று நினைத்ததால் இன்னும் கொஞ்சம் நன்றாகவே சிரித்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் அலையைப் பிடித்துத் தொங்கியவள், நாலாயிரம் பேர் முன்னால் அலையை விட்டுவிட்டாள். அந்த மின்னஞ்சலை என் போனில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பேருந்தில் அவள் பின்னால் இருக்கும்போது, முன்னால் உட்கார்ந்து எடுத்து எடுத்துப் படித்தேன்.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. இருநூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் பதினோரு பேர் வந்தார்கள். புதன்கிழமை சுனில்டாவுக்குக் கடிதம். சங்கத்தின் பெயரைக் கெடுத்த பாரதூரமான கவனக்குறைவு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு விசாரிக்கும், அதுவரை உள்ளே வரக்கூடாது. பத்து வருடத்துக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. அன்றே அவள் கணக்கை மூடினார்கள், அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தத்தூவில் இருந்து அன்று எதுவும் அனுப்பப்படவில்லை, பதிவைப் பாருங்கள் என்று அவள் வாசலில் நின்றபடி சொல்லியிருக்கிறாள். விடுப்பில் வீட்டில் இருந்தே அனுப்பிவிட்டுப் பதிவை நீயே அழித்திருப்பாய் என்றாராம் வில்டோ.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த மெயில் உங்க போன்ல இருக்கா?"

"எந்த மெயில்?"

"எந்த மெயில்னு உங்களுக்குத் தெரியும்."

"ஊர் பூரா வாட்ஸ்அப்ல சுத்துதே. யார்கிட்ட வேணா கேட்டுக்க."

"மூணு வீட்ல கேட்டேன். எல்லாரும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டு, அபசகுனம்னு மெயிலை அழிச்சிட்டாங்க. போட்டோல முகம்தான் தெரியும். எனக்கு அதோட முதுகு வேணும். எந்த மெஷின்ல செஞ்சது, எந்த உடுப்பு மாட்டினது, எல்லாம் பின்னால எழுதியிருக்கும். ஒரே ஒரு அசல் போதும்."

"அப்ப நீ அனுப்பலையா அதை?"

"நான் அனுப்புவேனா?"

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படக்கூட இல்லை, அவ்வளவு ஆச்சரியமாகக் கேட்டாள். நான் அவளை நம்பினேன். ஆனால் நம்பியதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"கை ஈரமா இருக்கு. தேடிப் பாத்து சொல்றேன்" என்றேன்.

"துடைச்சுக்க ஒரு துணி இல்லையா உங்க வீட்ல?"

இப்படிக் கேட்பவளுக்கு எதைக் கொடுப்பது? நான் அடுத்த கிழங்கை எடுத்தேன். அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்மார் வந்தான். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அழுதவன் மாதிரி இருந்தான்.

"இருந்தா குடுத்துடேன் அக்கா."

"உன் பொண்டாட்டி வந்து கேக்கட்டும்."

"கேட்டாளே."

"கேட்ட விதம் சரியில்ல."

"அவளுக்கு வேற விதம் தெரியாது. உனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, என் தெரெரே மூலிகைத் தண்ணீர்க் குடுவையில் இருந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் போனான். அவர்களுக்கு வேறு வருமானம் இல்லை. கண் மங்கிய பிறகு அவன் பட்டறையை மூடி இரண்டு வருடமாகிறது. நாற்பத்தெட்டு வயதில் இந்த ஊரில் அவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டேதான் வைத்திருந்தேன். இதை எழுதும்போது நன்றாக இல்லை. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, வில்டோ என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எலிஹியா, வெள்ளிக்கிழமை குழு முன்னால போன் கால்ஸ் பத்தி நீங்க சொல்லணும். எத்தனை பேர், என்ன சொன்னாங்க, அவ்வளவுதான். அப்புறம், அந்த மெயில் உங்ககிட்ட இன்னும் இருந்தா அழிச்சிடுங்க. ஸ்டாஃப் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சங்கத்துக்கு அசிங்கம்."

"சரி சார்."

"உங்க வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியும். அந்தம்மாவோட ஒரே வளவுல இருக்கறது லேசா? இதை உங்களுக்கும் ஒரு உபகாரமா வச்சுக்குங்க. அக்டோபர்ல இருந்து பஸ்ல நிம்மதியா போவீங்க." என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

நான் வெளியே வந்து போனை எடுக்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. சுனில்டாவோடு எனக்கு இருபத்திரண்டு வருடப் பகை. அதற்கு நான் உழைத்திருக்கிறேன். சாவு வீட்டில் வாங்கிய பேச்சு, ஏறாத படி, பின்னும் முன்னுமாக உட்கார்ந்த பேருந்து, எல்லாம் அதில் இருக்கிறது. அது என் வீட்டுச் சாமான். ஒன்றரை வருடம் முன்பு வந்த ஒருவன் அதைக் கேட்காமல் எடுத்துத் தன் வேலைக்குப் புழங்குகிறான், அதற்கு என்னிடம் கண் வேறு சிமிட்டுகிறான்.

சாயங்காலம் மாமரத்தைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போய், போனை மேசைமேல் வைத்தேன்.

அவள் அதைத் தன் பழைய கணினியில் திறந்து, எங்கோ அழுத்தினாள். கடிதம் மறைந்து, எறும்பு ஊர்ந்த மாதிரி வரிகள் வந்தன. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள்.

"இதோ. நான் அனுப்பினா இங்க என்ன எழுத்து வகைன்னு தெளிவா போட்டிருக்கும், நம்ம எழுத்து எல்லாம் போகும். இதுல வெறும் அமெரிக்க எழுத்துன்னு இருக்கு. சீவிட்டுத்தான் அனுப்பியிருக்கான். இங்க பாருங்க, கடிதத்தோட அடையாள எண். லைப்ரரி அதைச் செய்யறப்ப எந்த மெஷின்ல ஓடுதோ அதோட பேரைக் கடைசியில தானா ஒட்டிடும். தத்தூன்னு இருக்கணும்."

இருந்தது வேறு. எல்-ஹேஃபே என்று இருந்தது. முதலாளி என்று அர்த்தம்.

"யாரு அது?" என்றேன்.

"தன் மெஷினுக்கு முதலாளின்னு பேரு வைக்கிறவன் இந்த ஊர்ல எத்தனை பேர் இருப்பான்?" அவள் சிரிக்கவில்லை. பக்கத்தை அச்செடுத்தாள். பிறகு போனைத் திருப்பித் தந்தாள். "எத்தனை நாளா இருக்கு இது உங்ககிட்ட?"

"வந்த நாள்ல இருந்து."

"நான் கேட்டு ஆறு நாள் ஆச்சு."

"ஆச்சு."

"ஆறு நாளா இவர் சாப்பிடல."

"நீ?"

"நான் சாப்பிட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை குழுவில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரோரம், சாட்சி நாற்காலியில். வில்டோ தன் மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்து, வந்த அழைப்புகள் இத்தனை, வராத பெண்கள் இத்தனை என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டினார். கடைசிப் படத்தில் பொறுப்பாளர் என்று போட்டு சுனில்டாவின் பெயர். கஞெத்தெயில் அலை இல்லை.

சுனில்டா எழுந்து தாளைப் படித்தாள். எழுத்து வகை, நேரம், அடையாள எண், கடைசியில் அந்தப் பெயர். குழுவில் பாதிப்பேர் முகத்தில் ஒன்றும் புரிந்த மாதிரி இல்லை. வில்டோவும் அதைப் பார்த்துவிட்டார்.

"டாக்டரம்மா, அதெல்லாம் வெறும் எழுத்து. யார் வேணாலும் எதை வேணாலும் டைப் பண்ணிப் பிரின்ட் எடுக்கலாம்."

"அசல் எலிஹியா அக்கா போன்ல இருக்கு" என்றாள் சுனில்டா, என்னைப் பார்க்காமலே.

"அழிக்கச் சொன்னேனே" என்றார் வில்டோ.

டாக்டர் நிமியா அமரில்யா பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களை அவசரப்படுத்தாத பழக்கம் அவருக்கு உண்டு. அவர் என் போனை வாங்கிப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையின் மேல் மூலையைப் பார்த்தார். எந்தக் கணினியோடு இணைந்திருக்கிறது என்று திரை சின்ன எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

"வில்டோ, இங்கயும் எல்-ஹேஃபேன்னு போட்டிருக்கே. இது யாரு?"

வில்டோ இணைப்பைப் பிடுங்கினார். திரை நீலமானது. பிடுங்கியிருக்க வேண்டாம்.

அதற்காக வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. வில்டோவைக் கொண்டுவந்தது குழுவில் மூன்று பேர். அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதுவும் கோப்புக்குள் போகாத கடிதம். சுனில்டாவின் இடைநீக்கம் ரத்து. அவள் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம்.

வராந்தாவில் அவளுக்காகக் காத்திருந்தேன். காத்திருக்கவில்லை, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஒரு நன்றி சொன்னா வாய் தேஞ்சிடாது."

"கேட்ட அன்னைக்கே குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

திங்கட்கிழமை நான் போனபோது என் மேசை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. பொதுமக்கள் வசதிக்காக என்றார்கள். வடகாற்று மாதம். சிவப்புப் புழுதி நேராக உள்ளே வரும், குதிரைவண்டிகள் நிற்கும் இடத்து வாசனையும் கூடவே வரும். வில்டோ என்னைக் கடந்து போகும்போது குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். எனக்கு அங்கே பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. மேசையை நகர்த்தலாம், என்னை நகர்த்த முடியாது.

அக்டோபர் இரண்டாம் தேதி, பத்து வருடமும் ஒரு நாளும் ஆனவளாக, சுனில்டா வழக்கம்போல ஏழு மணிக்கு உள்ளே வந்தாள். நான் பறக்கும் தாள்களை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் நின்று பார்த்தாள்.

"ஒரு கல்லை வைங்க அக்கா."

"நீயே போய் எடுத்துட்டு வந்து வை."

"எனக்கு வேலை இருக்கு. பரிசோதனை வண்டி மறுபடி வருது, நாலாயிரம் பேருக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போனாள்.

அரைமணி நேரத்தில் என் போனில் அது வந்தது. ஒவ்வொரு அலையும் அதனதன் தலையில் இருந்தது. தேடிப் பார்த்தேன், ஒரு பிழைகூட அகப்படவில்லை. மேசையில் போன் அடித்தது.

"ஏம்மா," என்றது ஒரு வயதான குரல், "இப்ப ஆரோக்கியம்னு போட்டிருக்கீங்களே. இந்தத் தடவை அதுவாவது நிச்சயமா?"

"அனுப்பினவளைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன். பிறகு, "நிச்சயம்தான். வாங்க" என்றேன்.